உப்பு நீராற்பகுப்பும் பிஎச்-உம்: வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரத்தில் வேதியியல் வகுப்பு எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். பள்ளியில் மலாயில் படிக்கிறார்கள், வீட்டில் தமிழில் யோசிக்கிறார்கள். படிவம் 4-ல் அமிலம், காரம், உப்பு பாடம் வரும்போது சில சந்தேகங்கள் எழும். படிவம் 6-ல் அயனிச் சமநிலை வரும்போது அதே சந்தேகங்கள் வேறு உருவில் திரும்பி வரும். பிள்ளைகளை ஏற்றிப்போக வரும் அப்பாக்களும் வாசலில் நின்றபடி உரத்தைப் பற்றியும் ரப்பர் மரப்பாலைப் பற்றியும் கேட்பார்கள். பார்த்தால் அதுவும் இதே பாடம்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

சார், காரம்னா உப்பா, பேஸா? ஸ்கூல்ல ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒண்ணு சொல்றீங்க.

நியாயமான குழப்பம். மலாயில் உப்புக்கு ‘காரம்’ என்று பெயர். முதல் எழுத்து ‘கணபதி’யில் வரும் க போல ஒலிக்கும். தமிழில் காரம் என்றால் அமிலத்துக்கு எதிரானது. சுண்ணாம்பு, சோடா வகை. மலாயில் அதை ‘பெஸ்’ என்பார்கள், தண்ணீரில் கரைந்தால் ‘அல்காலி’. போதாக்குறைக்கு, வீட்டில் மிளகாய்க்கும் காரம் என்கிறோம்.

இந்தப் பக்கத்தில் காரம் என்று நான் எழுதும் இடமெல்லாம் பெஸ் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உப்பை உப்பு என்றே எழுதுகிறேன். தேர்வுத் தாளில் மலாயில் எழுதும்போது ஒரு கணம் நிறுத்தி யோசித்து எழுதுங்கள். விஷயம் தெரிந்த பிள்ளைகளே இந்த ஒரு சொல்லில் மதிப்பெண் இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உப்புன்னா கறியில போடறதுதானே? அதுல எங்கேருந்து அமிலம், காரம்லாம் வருது?

கறி உப்பு, உப்புகளில் ஒன்று. ஓர் அமிலமும் ஒரு காரமும் சேர்ந்து ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது எதுவோ, அதற்குப் பெயர் உப்பு. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் கறி உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. கந்தக அமிலமும் அமோனியாவும் சேர்ந்தால் தோட்டத்தில் போடும் அமோனியம் சல்பேட் உரம். ஆப்ப சோடா, சலவை சோடா, படிகாரம், செம்பனைக்குப் போடும் பொட்டாசியம் குளோரைடு எல்லாமே உப்புகள். குளிக்கிற சோப்பும் உப்புதான்.

தீர்த்துக்கொண்டு விட்டதே, அப்புறம் எல்லாம் நடுநிலைதானே என்று தோன்றும். எல்லாம் அப்படி இல்லை. ஆப்ப சோடா தண்ணீர் காரம், படிகாரத் தண்ணீர் அமிலம், கறி உப்புத் தண்ணீர் நடுநிலை. ஏன் இந்த வேறுபாடு என்பதுதான் மீதிப் பக்கம் முழுதும்.

நீராற்பகுப்புன்னா தண்ணி உடையுதா, உப்பு உடையுதா?

உப்பு கரையும்போதே பிரிந்துவிடுகிறது. சோடியம் அசிட்டேட்டைத் தண்ணீரில் போட்டால் சோடியம் அயனி தனி, அசிட்டேட் அயனி தனி (அயனி என்றால் மின்னூட்டமுள்ள துகள்). அதை நீராற்பகுப்பு என்று சொல்வதில்லை, வெறும் கரைதல்தான். அதற்கு அடுத்து நடப்பதுதான் நம் விஷயம். அசிட்டேட் அயனி பக்கத்திலுள்ள ஒரு தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கொள்கிறது. தான் அசிட்டிக் அமிலமாக மாறுகிறது. பறிகொடுத்த தண்ணீர் ஹைட்ராக்சைடு அயனியாக நிற்கிறது. பிஎச் என்பது அமிலத்தையும் காரத்தையும் காட்டும் அளவு, 7 என்றால் நடுநிலை. ஹைட்ராக்சைடு கூடினால் கரைசல் காரமாகும், பிஎச் 7-க்கு மேல் போகும்.

அமோனியம் குளோரைடில் இது தலைகீழ். அமோனியம் அயனி தன்னிடமுள்ள ஒரு ஹைட்ரஜன் அயனியைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு அமோனியாவாகிறது. தண்ணீரில் ஹைட்ரஜன் அயனி கூடுகிறது, பிஎச் 7-க்குக் கீழே இறங்குகிறது. ஆக, உடைகிறது எது என்று கேட்டால் தண்ணீர் என்று சொல்லலாம். ஆனால் உடைக்கத் தூண்டுவது உப்பிலிருந்து வந்த அயனி. இரண்டு பக்கமும் போய்வரும் சமநிலை இது. முழுதாக நடந்து முடிந்துவிடுவதில்லை.

நாலு வரி டேபிள் இருக்கே சார், அதை மனப்பாடம் பண்ணிட்டா போதாதா?

அந்த அட்டவணை இது: வலிய அமிலமும் வலிய காரமும் சேர்ந்த உப்பு நடுநிலை, வலிய அமிலமும் மெலிந்த காரமும் சேர்ந்தால் அமிலம், மெலிந்த அமிலமும் வலிய காரமும் சேர்ந்தால் காரம், இரண்டும் மெலிந்தவை என்றால் ‘பொறுத்தது’. படிவம் 4 கேள்விகளுக்கு முதல் மூன்று வரி போதும். அதற்கு மேல் போனால் கைவிட்டுவிடும். ஆப்ப சோடாவை எந்த வரியில் வைப்பீர்கள்? படிகாரத்தை? ‘பொறுத்தது’ என்றால் எதைப் பொறுத்தது?

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான். உப்பை மறந்துவிடுங்கள். கரைந்ததும் அங்கே இருப்பவை அயனிகள். ஒவ்வோர் அயனியையும் தனியாக நிறுத்திக் கேளுங்கள்: நீ தண்ணீரிடமிருந்து எதையாவது வாங்குவாயா, தண்ணீருக்கு எதையாவது கொடுப்பாயா, சும்மா இருப்பாயா? சோடியம், பொட்டாசியம், குளோரைடு, நைட்ரேட் எல்லாம் சும்மா இருக்கும். அசிட்டேட், கார்பனேட் வாங்கும். அமோனியம், அலுமினியம் கொடுக்கும். இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகினால் அட்டவணையை நீங்களே எழுதிவிடலாம். அட்டவணையில் இல்லாததற்கும் பதில் சொல்லலாம்.

குளோரைடும் நெகட்டிவ், அசிட்டேட்டும் நெகட்டிவ். ஒண்ணு வாங்குது, இன்னொண்ணு ஏன் வாங்க மாட்டேங்குது?

ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் வலிய அமிலம்? தண்ணீரில் போட்டதும் தன் ஹைட்ரஜன் அயனியை முழுசாக விட்டுவிடுகிறது. விட்டதைத் திரும்ப வாங்க குளோரைடுக்கு ஆசையே இல்லை. அசிட்டிக் அமிலம் மெலிந்தது, அதாவது ஹைட்ரஜன் அயனியை எளிதில் விடாது. அப்படியானால் அதன் மிச்சமான அசிட்டேட்டுக்கு அதைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் இழுப்பு இருக்கத்தானே செய்யும்? அமிலம் எவ்வளவு மெலிந்ததோ, அதன் மிச்சம் அவ்வளவு வலிய காரம். 1923-ல் டென்மார்க்கில் பிரான்ஸ்டெட்டும் இங்கிலாந்தில் லவ்ரியும் தனித்தனியே அமிலத்தையும் காரத்தையும் ஹைட்ரஜன் அயனியைக் கொடுப்பது, வாங்குவது என்று வரையறுத்தார்கள். அதற்குப் பிறகு நீராற்பகுப்பு என்பது சாதாரண அமில-கார வினையில் ஒரு வகை, அவ்வளவே.

இதைக் கணக்காகவும் சொல்லலாம். கொடுக்கும் வலுவையோ வாங்கும் வலுவையோ காட்டும் எண்ணுக்கு மாறிலி என்று பெயர். அமிலத்தின் மாறிலியையும் அதன் மிச்சமான இணை காரத்தின் மாறிலியையும் பெருக்கினால், 25 டிகிரி செல்சியஸில் எப்போதும் 10⁻¹⁴ வரும். ஒன்று பெரிதானால் மற்றது சிறிதாகும். கீழே கணக்குக் கேள்விக்கு இது வேண்டும்.

எங்க ஸ்கூல் லேப்புக்கு எப்பவாவதுதான் போறோம். வீட்ல பார்க்க முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வெள்ளைச் சட்டையில் கறிக்குழம்பு சிந்திவிட்டால் அம்மா சோப்புப் போட்டுத் தேய்ப்பார். மஞ்சள் கறை சட்டென்று செம்பழுப்பாக மாறும், பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் நன்றாக அலசியதும் திரும்ப மஞ்சளாகும். மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரத்தைப் பார்த்தால் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தித் தட்டு கரைப்பதும் இதே வேதியியல்தான். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. நம் ஊரில் பெரும்பாலும் செம்பனை எண்ணெயிலிருந்து செய்வது. கொழுப்பு அமிலம் மெலிந்தது, அதனால் அதன் அயனி தண்ணீரிடமிருந்து ஹைட்ரஜன் அயனியை வாங்குகிறது. சோப்புத் தண்ணீரின் பிஎச் 9-லிருந்து 10 வரை போகிறது. உப்பு நீராற்பகுப்பை நீங்கள் சிறு வயதிலிருந்தே சட்டையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆனால் கடையில் சோப்பு என்று விற்பதெல்லாம் இந்த வகை இல்லை. முகத்துக்கென்று விற்கும் சில கட்டிகள் வேறு வகைப் பொருளில் செய்தவை, அவற்றில் மஞ்சள் சிவக்காது. துணி சோப்புத் தூளில் காரம் வருவது பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் சலவை சோடாவால்.

மஞ்சள் காரத்தை மட்டும்தான் காட்டும், அமிலத்தைக் காட்டாது. அதற்குச் சங்குப்பூ எடுங்கள். வேலியில் நீலமாகப் படர்ந்திருக்குமே, நாசி கெராபு சோற்றுக்கு நிறம் கொடுப்பது. பத்துப் பூவை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் நான்கு கிண்ணத்தில் ஊற்றுங்கள். ஒன்றில் கறி உப்பு: நீலம் அப்படியே இருக்கும். ஒன்றில் ஆப்ப சோடா: நீலம் பச்சைப் பக்கம் சாயும். ஒன்றில் சலவை சோடா: நல்ல பச்சை, கொஞ்ச நேரத்தில் மஞ்சள்கூட ஆகும். ஒன்றில் படிகாரம்: ஊதா. அமோனியம் சல்பேட் உரத்தையும் போட்டுப் பார்க்கலாம், ஆனால் மாற்றம் மிக லேசாக இருக்கும், பிஎச் தாள் இருந்தால்தான் நிச்சயமாகத் தெரியும். உரம் தொட்ட கிண்ணத்தைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.

எவ்வளவு அயனி இப்படி மாறுது சார்? பாதியாவது மாறுமா?

பாதியெல்லாம் இல்லை. கணக்குப் போட்டே பார்ப்போம். 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) சோடியம் அசிட்டேட் கரைசல். அசிட்டிக் அமிலத்தின் மாறிலி 1.8 × 10⁻⁵. அசிட்டேட்டின் கார மாறிலி வேண்டும், அதனால் 10⁻¹⁴-ஐ இதால் வகுக்கிறோம்: 5.6 × 10⁻¹⁰. இதைச் செறிவான 0.1-ஆல் பெருக்கினால் 5.6 × 10⁻¹¹. வர்க்கமூலம் எடுத்தால் 7.5 × 10⁻⁶. அதுதான் ஹைட்ராக்சைடு செறிவு. பிஓஎச், அதாவது ஹைட்ராக்சைடுக்கான அதே வகை அளவு, 5.13. அதை 14-லிருந்து கழித்தால் பிஎச் 8.87.

இப்போது 0.1-ஐ 7.5 × 10⁻⁶-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய பதிமூவாயிரம் அசிட்டேட் அயனிகளில் ஒன்றுதான் மாறியிருக்கிறது.

பதிமூவாயிரத்துல ஒண்ணா? அப்புறம் ஏன் பிஎச் இவ்வளவு மாறுது?

ஒப்பிட வேண்டியது அசிட்டேட்டோடு இல்லை, சுத்தத் தண்ணீரோடு. சுத்தத் தண்ணீரில் ஹைட்ராக்சைடு வெறும் 10⁻⁷ மோலார். நம் கரைசலில் 7.5 × 10⁻⁶, அதாவது 75 மடங்கு. இருந்தது அவ்வளவு குறைவு என்பதால், வந்தது கொஞ்சமாக இருந்தாலும் பெரிதாகத் தெரிகிறது. மேலும் பிஎச் என்பது மடக்கை அளவு. 1909-ல் கோப்பன்ஹேகனில் சோரன்சென் இதை அறிமுகப்படுத்தியதே இந்த மாதிரி மிகச் சிறிய எண்களைக் கையாளத்தான். ஒரு பிஎச் ஏறினால் பத்து மடங்கு மாற்றம். கிட்டத்தட்ட இரண்டு ஏறியிருக்கிறது என்றால் நூறு மடங்கை நெருங்குகிறது.

கரைசலை நீர்க்க வச்சா நீராற்பகுப்பு அதிகமாகும்னு புக்ல இருக்கு. ஆனா பிஎச் 7 பக்கம் வருதுன்னும் இருக்கு. எது சரி?

இரண்டும் சரி. இரண்டும் வேறு வேறு அளவுகள். மேலே போட்ட அதே கணக்கை 0.001 மோலாருக்குப் போடுங்கள். ஹைட்ராக்சைடு 7.5 × 10⁻⁷ வரும், பிஎச் 7.9-க்கு அருகில். முன்பு 8.87, இப்போது 7-ஐ நெருங்கிவிட்டது. ஆனால் எத்தனை பேரில் ஒருவர் மாறினார் என்று பார்த்தால், முன்பு பதிமூவாயிரத்தில் ஒன்று, இப்போது ஆயிரத்து முந்நூற்றில் ஒன்று. விகிதம் பத்து மடங்கு கூடிவிட்டது. மொத்த அயனி நூறு மடங்கு குறைந்ததால் ஹைட்ராக்சைடின் செறிவு மட்டும் பத்து மடங்கு குறைந்தது. கேள்வி ‘விகிதம்’ கேட்கிறதா, ‘பிஎச்’ கேட்கிறதா என்று பார்த்துப் பதில் எழுதுங்கள்.

சூடு பண்ணினா?

கூடும். நீராற்பகுப்பு வெப்பத்தை உறிஞ்சும் வினை. கொதிக்கும் தண்ணீரில் அயர்ன் மூன்று குளோரைடு என்ற இரும்பு உப்பைச் சொட்டினால் செம்பழுப்புக் கூழ்மம் கிடைப்பது அதனால்தான். கூடவே இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: சூட்டில் சுத்தத் தண்ணீரின் பிஎச்சே இறங்கும். 60 டிகிரியில் நடுநிலைத் தண்ணீரின் பிஎச் 6.5. அது அமிலம் ஆகிவிடவில்லை. ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் அங்கே சமமாகத்தான் கூடியிருக்கின்றன.

கறி உப்பு நடுநிலைன்னீங்க. மீட்டர்ல வச்சா 5.8 காட்டுது. உப்பு கெட்டுப்போச்சா?

உப்பு கெடவில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து கார்போனிக் அமிலமாகிறது. காற்றுப் பட்டு நிற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரின் பிஎச்சே 5.6 வரை இறங்கும். உப்புப் போடாமல் அதே தண்ணீரை அளந்து பாருங்கள், ஏறக்குறைய அதே எண்தான் வரும். உப்பு பிஎச்சை மாற்றவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. எந்தப் பரிசோதனையிலும் வெறும் தண்ணீர்க் கிண்ணம் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். சங்குப்பூ சோதனையிலும்தான்.

ரெண்டு பக்கமும் வீக்னா என்ன ஆகும்? ‘பொறுத்தது’ன்னா எதை?

யார் வலு அதிகம் என்பதை. அமோனியம் கொடுக்கிற வலுவும் அசிட்டேட் வாங்குகிற வலுவும் கிட்டத்தட்டச் சமம்; இரண்டின் மாறிலியும் 5.6 × 10⁻¹⁰. அதனால் அமோனியம் அசிட்டேட் பிஎச் 7. ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் மும்முரமாக நடந்து ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. அமோனியம் கார்பனேட்டில் கார்பனேட்டின் இழுப்பு பல லட்சம் மடங்கு வலுவானது. கரைசல் காரமாகிறது, திறந்தாலே அமோனியா நெடி அடிக்கிறது.

மரப்பால் வேலை தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னோர் உதாரணம். பால் மங்கிலேயே (மரத்தில் பால் வடியும் கிண்ணத்திலேயே) உறைந்துவிடாமலிருக்க அமோனியா சேர்ப்பார்கள்; பிறகு உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். அமோனியா சேர்த்த பாலுக்கு அமிலம் அதிகம் பிடிக்கும், அனுபவசாலிகளுக்குத் தெரியும். முதலில் ஊற்றும் அமிலம் அமோனியாவோடு சேர்ந்து அமோனியம் ஃபார்மேட் உப்பாகிவிடுகிறது. அந்த உப்புக் கரைசலின் பிஎச் சுமார் 6.5 (ஃபார்மிக் அமிலம் அசிட்டிக்கைவிட வலியது, அதனால் ஃபார்மேட்டின் இழுப்பு குறைவு, அமோனியம் லேசாக ஜெயிக்கிறது). 6.5-ல் பால் உறையாது. 5-ஐ ஒட்டி இறக்கினால்தான் உறையும், அதற்கு மேற்கொண்டு அமிலம் வேண்டும். பால் உறையாமலிருக்கப் போடும் இன்னொரு பொருள் சோடியம் சல்பைட். அதுவும் மெலிந்த அமிலத்தின் உப்பு, கரைசல் காரமாக இருக்கும். அந்தச் சல்பைட் அயனியிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், பதில் தானே வரும்.

‘அமில உப்பு’ன்னு பேரே இருக்கே, அப்ப ஆப்ப சோடா அமிலமா?

பெயரை நம்பாதீர்கள். அமில உப்பு என்றால் அதில் இன்னும் கொடுக்கக்கூடிய ஹைட்ரஜன் மிச்சமிருக்கிறது என்று மட்டுமே பொருள். ஆப்ப சோடாவிலுள்ள பைகார்பனேட் அயனியால் கொடுக்கவும் முடியும், வாங்கவும் முடியும். வாங்கும் வலு 2 × 10⁻⁸ சுமார், கொடுக்கும் வலு 5 × 10⁻¹¹ சுமார். வாங்குவதுதான் ஓங்குகிறது, ஆப்ப சோடாக் கரைசலின் பிஎச் 8.3. சோடியம் ஹைட்ரஜன் சல்பேட் வேறு கதை: கந்தக அமிலம் வலியது, ஹைட்ரஜன் சல்பேட் எதையும் வாங்காது, கொடுக்க மட்டும் செய்யும். 0.1 மோலாரில் பிஎச் 1.6.

பாஸ்பேட்டில் இது இன்னும் அழகு. இரண்டு ஹைட்ரஜன் மிச்சமுள்ள சோடியம் பாஸ்பேட் அமிலப் பக்கம், 4.5 போல. ஒரு ஹைட்ரஜன் மட்டும் மிச்சமுள்ளது காரப் பக்கம், 9-க்கு மேல். இரண்டுக்குமே பெயர் அமில உப்புதான்.

படிகாரத்துல கொடுக்கிற ஹைட்ரஜனே இல்லையே சார். அப்புறம் எப்படி அமிலம்?

படிகாரத்தில் பொட்டாசியம், அலுமினியம், சல்பேட். ஒவ்வொன்றாகக் கேட்டால் பொட்டாசியம் சும்மா இருக்கிறது, சல்பேட்டும் ஏறக்குறைய சும்மா. மிஞ்சுவது அலுமினியம். அது தண்ணீரில் தனியாக நிற்பதில்லை, ஆறு தண்ணீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. உருவத்தில் மிகச் சிறியது, மின்னூட்டமோ மூன்று. பிடித்திருக்கும் தண்ணீரின் ஆக்சிஜனிலிருந்து எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால் அந்த ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கும் பிணைப்பு தளர்கிறது. வெளியே நிற்கும் இன்னொரு தண்ணீர் மூலக்கூறு அந்த ஹைட்ரஜன் அயனியை எளிதாகக் கழற்றிக்கொண்டு போகிறது. கொடுக்கப்பட்ட ஹைட்ரஜன் அலுமினியத்துடையது இல்லை, அது பிடித்துவைத்த தண்ணீருடையது.

இதன் மாறிலி 10⁻⁵ சுமார், வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலத்துக்கு ஏறக்குறைய சமம். 0.1 மோலார் அலுமினிய உப்பின் பிஎச் 3-ஐ ஒட்டி வரும். அயர்ன் மூன்று அயனி இதைவிட வலிய அமிலம். சோடியத்துக்கு மின்னூட்டம் ஒன்றுதான், உருவமும் பெரிது, இந்த இழுப்பு அதற்குக் கிடையாது.

ஆற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்க அலுமினிய உப்புப் போடுவதும் இதே வினையின் தொடர்ச்சி. ஹைட்ரஜன் அயனியை ஒவ்வொன்றாக இழந்து கடைசியில் அலுமினியம் ஹைட்ராக்சைடு பஞ்சுபோலத் திரண்டு சேற்றை இழுத்துக்கொண்டு அடியில் படியும். வெளிவந்த ஹைட்ரஜன் அயனிகள் தண்ணீரின் பிஎச்சை இறக்கும். அதனால் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பு சேர்த்துப் பிஎச்சைத் திரும்ப உயர்த்துவார்கள்.

டைட்ரேஷன்ல அமிலமும் காரமும் சரிசமமா முடிஞ்சா பிஎச் 7 தானே?

டைட்ரேஷன் என்றால் ஒன்றை அளந்து அளந்து மற்றதில் சேர்த்துத் தீர்க்கும் சோதனை. வலியதும் வலியதும் என்றால் 7. வினிகரைச் சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்தால், முடியும் இடத்தில் குடுவையில் இருப்பது சோடியம் அசிட்டேட். இரண்டும் 0.1 மோலார் என்று தொடங்கினால் கன அளவு இரட்டிப்பாகி உப்பு 0.05 மோலார். முன்பு போட்ட கணக்கையே போடுங்கள், 8.7 வரும். பினாப்தலீன் என்ற நிறங்காட்டி 8.2-க்கு மேல் நிறம் மாறுவதால் அது பொருந்தும். மெத்தில் ஆரஞ்சு 3.1-லிருந்து 4.4-க்குள் மாறிவிடும், வெகு முன்னதாகவே ஏமாற்றிவிடும். அமோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் செய்தால் முடியும் இடம் 5.3, அங்கே மெத்தில் ரெட் நல்லது. எந்த நிறங்காட்டி என்ற கேள்வி வந்தால், கடைசியில் குடுவையில் என்ன உப்பு இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வாத்தியாரே, சல்பேட் உரம் வருசக்கணக்கா போட்டா மண்ணு புளிச்சுப்போகும்னு சொல்றாங்களே. நீங்க சொல்லிக்கொடுக்கிற இதனாலதானா?

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அண்ணன் கேட்டது. இதற்கு முழுதாகப் பதில் சொல்ல எனக்கே கொஞ்ச காலம் பிடித்தது. அமோனியம் சல்பேட் கரைசல் அமிலம் என்பது உண்மை. அமோனியம் கொடுக்கிறது, பிஎச் 5.5 சுற்றி நிற்கிறது. ஆனால் நம் நாட்டு மேட்டு நிலங்களில் மண்ணின் பிஎச் இயற்கையாகவே 4-லிருந்து 5 வரைதான் இருக்கிறது. 5.5 கரைசல் அந்த மண்ணை மேலும் புளிக்க வைக்க முடியாது. ஆக, வெறும் நீராற்பகுப்பு இதற்குக் காரணம் இல்லை.

மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அப்படி மாறும் ஒவ்வோர் அமோனியம் அயனிக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளிவருகின்றன. இது பதிமூவாயிரத்தில் ஒன்று மாதிரி நின்றுவிடும் சமநிலை இல்லை. மாறிய அத்தனைக்கும் இரண்டிரண்டு. யூரியா இன்னொரு விதம். அது உப்பே இல்லை. மண்ணில் முதலில் அமோனியம் கார்பனேட்டாகிறது, குருணையைச் சுற்றிப் பிஎச் ஏறுகிறது. பிறகு அதுவும் நைட்ரேட்டாகும்போது இறங்குகிறது. முதலில் ஏறியது ஒரு பங்கை ஈடுகட்டிவிடுவதால், நைட்ரஜன் ஒன்றுக்கு மிஞ்சுவது ஒரு ஹைட்ரஜன் அயனிதான், சல்பேட் உரத்தில் பாதி.

நீராற்பகுப்பு இந்தக் கதையில் பின்னால் வருகிறது. மண் புளிக்கப் புளிக்க களிமண்ணிலிருந்து அலுமினியம் கரைந்து வெளியே வரும். படிகாரக் கேள்வியில் பார்த்த அதே அலுமினியம். அது தண்ணீருக்கு ஹைட்ரஜன் அயனி கொடுத்துக்கொண்டே இருக்கும், வேரையும் கருக்கும். பிஎச்சை உயர்த்தலாம் என்று சுண்ணாம்புக்கல் தூள் போட்டால், அலுமினியம் முழுதும் ஹைட்ராக்சைடாகிப் படியும்வரை எண் மெதுவாகத்தான் ஏறும். புளித்த மண்ணுக்கு எதிர்பார்த்ததைவிடச் சுண்ணாம்பு அதிகம் பிடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பொட்டாஷ் நடுநிலைதானே, அதைப் போட்டா மண்ணு பிஎச் ஏன் இறங்குது?

பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியமும் சும்மா, குளோரைடும் சும்மா. தண்ணீரில் கரைத்தால் பிஎச் மாறாது. மண்ணில் போட்டால் பொட்டாசியம் களிமண்ணில் ஒட்டியிருக்கும் அலுமினியத்தையும் ஹைட்ரஜன் அயனியையும் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. தள்ளப்பட்ட அலுமினியம் கரைசலுக்கு வந்து தன் வேலையைத் தொடங்குகிறது. மண் பரிசோதனைக் கூடத்தில் ஒரே மண்ணைத் தண்ணீரில் கலக்கி ஒரு முறையும், பொட்டாசியம் குளோரைடு கரைசலில் கலக்கி ஒரு முறையும் அளப்பார்கள். நம் வட்டார மண்ணில் இரண்டாவது எண் பொதுவாகக் குறைவாக வரும். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் அமிலமும் அதில் சேர்ந்து தெரிகிறது.

சுண்ணாம்பையும் சல்பேட் உரத்தையும் ஒண்ணா கலந்து போட்டுட்டா ஒரே வேலையா முடியுமே?

கலக்காதீர்கள். சுண்ணாம்பு காரம், அமோனியம் கொடுக்கத் தயாராக நிற்கிறது. தண்ணீரைவிட ஆவலாக வாங்கக் காரம் பக்கத்திலேயே இருந்தால், அமோனியம் முழுதாகக் கொடுத்துவிட்டு அமோனியா வாயுவாகிப் பறந்துவிடும். நெடி கண்ணைக் கரிக்கும், காசு கொடுத்து வாங்கிய நைட்ரஜன் காற்றில் போகும். நீற்றிய சுண்ணாம்பில் இது உடனே நடக்கும். சுண்ணாம்புக்கல் தூளில் மெதுவாக நடக்கும், ஆனாலும் நடக்கும். முதலில் சுண்ணாம்பைப் போட்டு, சில மழை பெய்து மண்ணில் இறங்கிய பிறகு உரம் போடுவது வழக்கம். இரண்டையும் ஒரே கொட்டகையில் வைப்பதென்றால் மூட்டைகள் நனையாமலும் கிழியாமலும் தனித்தனிப் பக்கமாக அடுக்குங்கள்.